முதலில் போன் செய்பவர்

டெஸ் தன் மனைவி ரொவீனாவிடம் கடைசியாகக் கேட்டது மார்மலேட் ஜாம் பாட்டிலைத்தான்.

"எங்க வெச்ச?"

"கண்ணு முன்னாடியே இருக்கு, நல்லாப் பாரு." ரொவீனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நண்பகலுக்கு முன், பர்னி துறைமுகத்தில், ஒரு மீன்பிடிப் படகின் எஞ்சின் பக்கத்தில் அவன் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்து இறந்துவிட்டான். அன்று காலை அவன் முகத்தை அவள் பார்த்திருக்கவில்லை. நினைவில் இருப்பதெல்லாம் முதன்முதலில் சந்தித்த நாளின் முகம்தான்...

அன்று மழை. ஒதுங்குவதற்காகத்தான் அவளுடைய பைக் கடைக்குள் ஓடி வந்தான். இமைகளில் நீர் சொட்ட, பச்சை நிற வண்டி ஒன்றின் முன் நின்றுவிட்டான். சாம்பல் நிறக் கண்கள்... மழைக்கடலின் நிறம்.

"விலை சரி. இது என்னங்க, தனியா ஒரு கட்டணம்?"

"வண்டி பெட்டியில பிரிச்சு வருது. மாட்டி, சோதிச்சுக் குடுக்கணும் இல்ல?"

"படகு எஞ்சினையே கழட்டி மாட்டறவன் நான். பெட்டியோட குடுங்க, நானே மாட்டிக்கறேன்."

"மாட்டிட்டு, பிரேக் பிடிக்கலைன்னா நீங்களும் பெட்டியிலதான் போகணும்."

அவன் சிரித்தான். அவளும் சிரித்திருப்பாள், ஆனால் விலை பேசும்போது சிரிக்கக் கூடாது.

"லான்செஸ்டன் டவுன் கடையில நானூறு டாலர் குறைச்சுத் தராங்க."

"அப்ப அங்கயே போங்க."

வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. அவன் முகம் ஒரு கணம் வாடியது. விலைச் சீட்டின் ஓரத்தில் தன் எண்ணை எழுதி வைத்துவிட்டு, இன்னும் நிற்காத மழைக்குள் நடந்தான். கதவருகே ஒரு நொடி தயங்கினானோ...

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேரம் முறிந்த பிறகு முதலில் போன் செய்பவர் இறங்கி வந்ததாக அர்த்தம். கடைக்காரர் கூப்பிட்டால் விலை குறையும். வாங்குபவர் கூப்பிட்டால் சொன்ன விலை நிற்கும். அப்பா விட்டுச்சென்ற கடையில் ரொவீனா ஒருநாளும் முதலில் கூப்பிட்டதில்லை.

வியாழன் போனது. வெள்ளி போனது. பச்சை வண்டியை வேறொருவர் கேட்டபோது, "அது பேசி முடிஞ்சுது" என்று பொய் சொன்னாள். சொன்ன பிறகுதான் தன் மனம் தனக்கே தெரிந்தது. விலைச் சீட்டின் ஓரத்தில் அவன் எழுதிய எண்களை அழுத்தினாள்.

"பைக் கடை... ரொவீனா."

"ஆஹா! தோத்துட்டீங்க. நானூறு குறைச்சாச்சா?"

"ஒரு டாலர்கூட குறைக்கல."

"அப்புறம் எதுக்குங்க கூப்பிட்டீங்க?"

"வண்டியை லான்செஸ்டன்லயே வாங்கிக்குங்க. நல்ல விலை அது." என்றாள். "வாங்கிட்டு... இந்தப் பக்கம் வாங்க. வண்டி விக்கணும்னு நான் கூப்பிடல. நீங்க வரணும்..."



"நான் லான்செஸ்டன் பக்கமே போகலங்க," என்றான். "அங்க யாரும் விலை சொல்லல. பேச்சு முடிஞ்சிடக் கூடாதேன்னு நானா எடுத்து விட்டது. நீங்க போகச் சொன்னதும், அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட நிக்கிறது?"

"முழு விலை ஆகும்," என்றாள் அழுகையினூடே.

"ஆகட்டும். எனக்கு நீதான் வேணும்."

டெஸ் போன பிறகும் ரொவீனா காலையில் கடையைத் திறக்கிறாள். கடையின் தொலைபேசி எண் இன்னும் அதே எண்தான், இந்த முறை அவன் முதலில் கூப்பிட்டுவிடுவான் என்பதுபோல.