பன்னிரண்டு ஃபிரேமில் ராக்காயி

2006 ஜூலை. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய ஆபீசில் நான் கம்ப்யூட்டரோடு போய் இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. ஹட்டன் கடைத்தெருவில் கல்யாணக் கார்டு வடிவமைத்துக்கொண்டிருந்த கஜேந்திரனாகிய எனக்கு இணையதள வேலை கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. தோட்டக் கம்பனியின் இணையப் பக்கத்து மூலையில், அசையும் படமாக ஒரு பெண் கொழுந்து பறித்துக் கூடையில் போட வேண்டும். இரண்டே விநாடி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

ஆபீஸ் அலமாரியில் கிடந்த ஒரு போட்டோவை ஸ்கேன் செய்து, அதன்மேல் கோடு இழுத்து உருவத்தை எடுத்தேன். தலைத்துண்டு, இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை. கையைத் தனியாக வெட்டித் தோளில் பொருத்திப் பன்னிரண்டு ஃபிரேமில் அசைத்தேன். யாருடைய படம் என்று கேட்கத் தோன்றவே இல்லை. அவ்வளவு திமிர் எனக்கு.

ஆபீஸ் கூட்டுகிற லெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்தாள். இருபது வயதிருக்கும். திரையில் படத்துக்குப் பக்கத்தில் திறந்திருந்த போட்டோவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எங்கம்மாங்க சார். ராக்காயி. மாசியில கொழுந்து மலையிலேயே செத்துப்போனாங்க."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"காய்ச்சலோட போனாங்க. முடியலேன்னு எறங்கி வந்தப்ப, கொழுந்து நிறுக்காம போகக்கூடாதுன்னு கங்காணி திருப்பி அனுப்பிட்டாரு." அவள் குனிந்து பார்த்தாள். "கூடை ஏன் சார் நெறையவே மாட்டேங்குது?"

"நெறஞ்சா, மறுபடி ஆரம்பிக்கிறப்ப திடீர்னு காலியாத் தெரியும் தங்கச்சி. படம் குதிக்கும். அதனால கூடைக்குள்ள விழுந்ததும் கொழுந்த மறைச்சிட்டேன்."

"அப்ப எப்பதான் நிறுப்பாங்க?"

நான் சிரித்தேன். "நிறுக்கவே மாட்டாங்க. இது ஓடிக்கிட்டே இருக்கும்."

"நிறுக்காம அம்மா எறங்க மாட்டாங்க சார். ஒரே ஒரு தராசு வரைஞ்சு விடுங்களேன்."

"பெரிய துரை பாத்து சரின்னுட்டாரு. இனிமே கை வைக்க முடியாது."

பச்சைப் பொய். தோட்ட மேனேஜர் படத்தை இன்னும் பார்க்கவே இல்லை. அரை மணி நேர வேலை அது. எனக்குச் சோம்பல்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மலையில் வேலை இல்லை. வெள்ளைப் பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நின்றது. அதற்குள்ளிருந்து கொழுந்து ஒடிக்கும் சத்தம் கேட்டது.

சடக்.

திரையில் அவள் கை கூடைக்குப் போனது.

சடக்.

அதே விநாடியில்.

பச்சைக் கொழுந்து வாசனையோடு காய்ச்சல்காரரின் வியர்வை நாற்றமும் அறைக்குள் பரவியது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்கூட வரையாமல் விட்டிருந்த அந்த முகத்தில் வியர்வை முத்து முத்தாக வழிந்தது. ஓட்டத்தை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாகத் தேடினேன். பன்னிரண்டிலும் முகம் காய்ந்துதான் இருந்தது.

வாசலில் லெட்சுமி நின்றாள். கையில் கூடை.

"கேக்குதுங்களா சார்?" மலைப்பக்கம் தலையைத் திருப்பினாள். "அம்மா தனியா பறிக்கிறாங்க. நான் ஒத்தாசைக்குப் போறேன்."

பனிக்குள் நடந்தாள். கூப்பிட்டிருக்கலாம். பயத்தில் நாற்காலியை விட்டு எழவில்லை நான்.

திங்கள் காலையில் பெரிய துரை ஆபீசுக்கு வந்தார். படம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு பெண்ணையும் சேர்க்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

ஃபைலைத் திறந்தேன்.

இன்னொருத்தி ஏற்கெனவே நின்றாள்.

இளவயது. நான் வரைந்தவள் அல்ல. முதுகில் வெறுங்கூடை.

அப்போதுதான் மேலே மலையிலிருந்து யாரோ கத்தினார்கள். "லெட்சுமி செடிக்கடியில விழுந்து கெடக்கா. ஒடம்பு சில்லிட்டுப் போச்சு."

தராசை வரைந்தேன். பதின்மூன்றாவது ஃபிரேம். அவள் கேட்டது அது ஒன்றுதான். உயிரோடு இருந்தபோது வரைந்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

படத்தை ஓடவிட்டேன்.

இருவரும் செடியை விட்டு வந்தார்கள். முதலில் ராக்காயி கூடையை இறக்கித் தராசில் மாட்டினாள். முள் அசையவில்லை. லெட்சுமியும் மாட்டிப் பார்த்தாள்.

எப்படி அசையும்? கொழுந்தை மறைத்தவன் நான்தானே.

ராக்காயி மகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இருவரும் கூடைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பி நடந்தார்கள்.

திரும்பி நடப்பதற்கு நான் ஒரு ஃபிரேமும் வரையவில்லை.