காற்றுமடைக்கு ஒரே வாசல்

அங்காரகபுரத்துக்காரர்கள் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகக் காற்றுக்கு விண்ணப்பிப்பார்கள். பல் துலக்குவது, காப்பி, சண்டை எல்லாம் அதற்குப் பிறகுதான். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருக்கும் செவிமணியை விரலால் ஒருமுறை அழுத்தினால் போதும். அது ஊர் நடுவே இருக்கும் காற்றுமடை என்ற சேவையகத்தோடு பேசி, வீட்டுக் குழாயில் அன்றைய பங்கைத் திறந்துவிடச் சொல்லும். சாதாரண நாளில், "உங்களுக்கு முன்னால் ஏழு பேர்" என்று செவிமணி சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்துவிடும். புழுதிப்புயல் அடித்தால் மட்டும் சூரியத் தகடுகள் மூடிக்கொள்ளும், காற்று உற்பத்தி குறையும், வரிசை ஊரளவு நீளும். செவ்வாய்க் கிரகத்தில் புயலுக்குப் பஞ்சமில்லை.

அப்படியொரு புயலில்தான் எஸ்தரின் அம்மா ரூத் இறந்துபோனாள். நுரையீரலில் புழுதி படிந்த நோயாளி. அவளுடைய இணைப்பைக் காற்றுமடை ஏற்றுக்கொண்டது, வரிசையில் நிறுத்தியது, எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தது. எண் குறையவே இல்லை. ஊர்த் தலைவர் கார்மேகத்தின் ரோஜாத் தோட்டம் வரிசையில் நிற்காமல் பக்கவாசல் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. மேகமே இல்லாத ஊரில் கார்மேகம் என்று ஒருவர், புல்லே முளைக்காத மண்ணில் அவருக்கு ரோஜா. தோட்டம் திருப்தியாக மூச்சு விட்டு முடித்தபோது ரூத்தின் செவிமணி, "காலக்கெடு முடிந்தது, மறுபடி இணையவும்" என்றது. மறுபடி இணைய ரூத் இல்லை.

பக்கத்து வீட்டுச் செல்வின் வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்தார். "என் இடத்தை அந்தம்மாவுக்குக் குடுங்கய்யா!" என்று செவிமணியை அழுத்தி அழுத்திக் கத்தினார். காற்றுமடையில் அப்போதிருந்த பழைய நிரலுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. இடத்தைப் பிடுங்கத்தான் அதில் வழி இருந்தது, கொடுக்க வழி இல்லை.

எஸ்தர் காற்றுமடைத் துறையில் நிரல் எழுதுபவள். அம்மாவின் சாம்பலைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அவள் நெஞ்சுக்குள் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அந்தக் கார்மேகம் காத்திருக்க வேண்டும். அம்மா காத்திருந்தது போல, காதில் எண்ணைக் கேட்டுக்கொண்டு, அது குறைகிறதா குறைகிறதா என்று ஏங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். செவ்வாயில் பொறுத்தவருக்கு என்ன கிடைக்கும் என்று பழமொழி சொல்லவில்லை. எஸ்தர் பொறுத்தாள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பக்கவாசல்கள் பெருகிப் பெருகிப் பழைய நிரல் ஒருநாள் படுத்தேவிட்டது. தலைவர், மைத்துனர், மைத்துனரின் நண்பர் என்று ஆளாளுக்கு ஒரு வாசல் வெட்டினால் எந்த வீடுதான் நிற்கும்? தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கார்மேகம் மேடையேறி, வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசினார்: "இனிமே ஆண்டியா இருந்தாலும் அரசனா இருந்தாலும் அங்காரகபுரத்துல எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே வரிசை!" கைத்தட்டல் கூரையைப் பிளந்தது. மேடையில் பேசியதை ஒருத்தி அப்படியே நிரலாக எழுதிவிடுவாள் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார். எழுதும் வேலை எஸ்தரிடம்தான் வந்தது.

சேவையகம் எழுதுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒரு வாசலைத் திறந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்காரவேண்டும். யாராவது தட்டி "வணக்கம்" என்றால், "வணக்கம், கேட்கிறேன்" என்று பதில் சொல்லவேண்டும். அவர் "சரி, சொல்கிறேன்" என்றதும் இணைப்பு உறுதி. வந்தவரை வரிசையில் நிறுத்தி, முறை வந்ததும் நிரலுக்குள் வேலையாள் போல ஓடும் ஒரு பணி இழையிடம் ஒப்படைத்துவிட்டால், கேட்டதைக் கொடுத்து, கதவைச் சாத்தி அனுப்புவது அந்த இழையின் பாடு. வாசலில் இருப்பவன் அதற்குள் அடுத்த தட்டலுக்குக் காது கொடுக்கலாம். அவ்வளவுதான். வந்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கும் வரி ஒன்றுகூட எஸ்தரின் நிரலில் இல்லை.

கார்மேகத்தின் காற்றை மட்டும் அடியோடு நிறுத்த ஒரே வரி போதும். கை பரபரக்கத்தான் செய்தது. ஆனால் அது கொலை. மூச்சு முட்டிச் செத்துவிட்டால் அவர் எப்போது காத்திருப்பது? அதனால் அந்த வரியை எழுதவில்லை. அதற்குப் பதில் இரண்டு புது வசதிகளைச் சேர்த்தாள்.

ஒன்று வன்மத்தில் பிறந்தது. வரிசையில் தனக்கு நேர் பின்னால் நிற்பவரின் பெயரை இனி ஒவ்வொருவருடைய செவிமணியும் சொல்லும். தலைவர் தங்களுக்குப் பின்னால் நிற்பதை ஊரே காதால் கேட்டுச் சிரிக்கட்டும் என்பது எண்ணம். இன்னொன்று அன்பில் பிறந்தது. இருமுறை அழுத்தினால், பின்னால் நிற்பவரை முன்னால் விட்டு நாம் ஓர் இடம் பின்வாங்கலாம். செல்வின் அன்று கத்திய கத்தலுக்காக, அம்மாவின் நினைவாக அதை எழுதினாள். எழுதும்போது அழவும் செய்தாள்.

தலைவரின் உதவியாளர் வந்து நிரலைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் சரிம்மா. ஐயாவுக்கான வாசல் எங்க?"

"ஐயாதான மேடையில சொன்னாங்க சார், ஒரே வாசல்னு?"

"அது மேடையிலம்மா."

"எனக்கு வந்த உத்தரவு அதுதான். மாத்தணும்னா ஐயாவையே எழுத்துல குடுக்கச் சொல்லுங்க."

தேர்தல் நேரத்தில் அதை எழுத்தில் கொடுக்க எந்த அரசியல்வாதிக்குப் பைத்தியம்? உதவியாளர் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

புயல் வந்தது. வானம் செங்கல் நிறத்தில் கவிந்து, தகடுகள் மூடிக்கொண்ட செய்தி கேட்டதும் எஸ்தர் மடை அறைக்கு ஓடினாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவளின் அவசரம் அது. நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஊர் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தது. "வணக்கம், கேட்கிறேன்" என்று நிரல் சளைக்காமல் ஒவ்வொருவரையும் ஏற்று வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தது. தாமதமாக விழிக்கும் பழக்கமுள்ள கார்மேகம் ஏறக்குறையக் கடைசியில்தான் தட்டினார். அவருக்கு முன்னால் அறுநூறு பேருக்குமேல். அவர் பின்னால் மைத்துனர். மைத்துனருக்குப் பின்னால், தனி இணைப்போடு, தலைவர் இல்லத்து ரோஜாத் தோட்டம்.

"நில்லு," என்றாள் எஸ்தர் திரையைப் பார்த்து. "நல்லா நில்லு. என் அம்மா நின்ன மாதிரி நில்லு." நெஞ்சில் பால் வார்த்தது போல ஒரு சுகம் பரவியது. வாழ்நாளில் அவ்வளவு இனிப்பான எதையும் அவள் சுவைத்ததில்லை.

தலைவரின் எண் ஒன்று குறைந்தது. சரி, யாரோ காற்று வாங்கிப் போயிருப்பார்கள். மறுபடி குறைந்தது. பிறகு மளமளவென்று குறைய ஆரம்பித்தது. எஸ்தர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வரிசையின் தலைப்பக்கம் அப்படியேதான் இருந்தது. அங்கே புயல் வேகத்தில், அதாவது ஆமை வேகத்தில்தான் காற்று போய்க்கொண்டிருந்தது. தலைவர் மட்டும் வெண்ணெயில் இறங்கும் கத்தி மாதிரி முன்னேறிக்கொண்டிருந்தார்.

நிரலில் பிழை எதுவும் இல்லை. அவருக்கு முன்னால் நின்ற ஒவ்வொருவர் காதிலும், "உங்களுக்குப் பின்னால் தலைவர் கார்மேகம்" என்று ஒலித்தது. கேட்ட ஒவ்வொருவரும் செவிமணியை இருமுறை அழுத்தினார்கள். ஆளுக்கு ஓர் இடம்தானே, அதனால் என்ன? முதலில் அழுத்தியவர் செல்வின். அடுத்து மைத்துனர் வந்தார், அவருக்கும் அழுத்தினார்கள். பின்னாலேயே ரோஜாத் தோட்டம் வந்தது. அதற்கும் வழிவிட்டார்கள்.

அழுத்தியவர்களில் அப்பா தேவசகாயத்தின் பெயரும் இருந்ததை எஸ்தர் திரையில் பார்த்தாள். உடனே அவரை அழைத்தாள்.

"அப்பா, நீங்களுமா விட்டுக்குடுத்தீங்க?"

"ஆமாம்மா." தேவசகாயம் இருமினார். வீட்டுக் காற்று பழசாகிக்கொண்டிருந்தது குரலில் தெரிந்தது. "நமக்குப் பின்னாடி ஐயா நிக்கிறாங்கன்னு காதுல கேட்டுச்சு. கை தானா போயிருச்சு."

"அம்மா எப்படிச் செத்தாங்கன்னு மறந்துட்டீங்களாப்பா?"

"மறப்பேனா? அந்தாளு நாசமாப் போகணும்னு தினம் ஜெபம் பண்றேன். இன்னைக்கும் பண்ணினேன். அது வேற, இது வேற. பெரிய மனுஷன் பின்னால நிக்கிறப்ப நாம முன்னால நின்னா நல்லாவாம்மா இருக்கும்?"

"தோட்டத்துக்குமாப்பா விட்டீங்க? அந்தத் தோட்டத்துக்கு?"

அப்பாவுக்கு மூச்சிரைத்தது.

"அவங்க வீட்டுத் தோட்டம்தானம்மா," என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவர் போல, "ஐயாகிட்டருந்து நன்றின்னு செய்தி வந்துச்சு. என் பேரைச் சொல்லி," என்றார். அந்தக் குரலில் இருந்தது பெருமைதான். எஸ்தருக்கு அது நன்றாகவே தெரிந்தது.

அவள் இணைப்பைத் துண்டித்தாள். இந்த ஊருக்கா நேர்மையான வாசல் கட்டினோம்? முதுகெலும்பில்லாத ஜென்மங்கள்! அடிமைக் கூட்டம்! திருடன் பக்கவாசலில் புகுந்தால் திட்டுகிறார்கள், நேர்வாசலில் வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விட்டுக்கொடுக்கும் வசதி இருந்தால்தானே கொடுப்பீர்கள்? அந்த வரிகளைத் திரைக்கு இழுத்தாள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். அழிக்கும் விசைமேல் விரலை வைத்தாள்.

அறைக் கதவு திறந்தது. கார்மேகம் உள்ளே வந்தார். நுரையீரல் நிறையப் புதுக் காற்றும் முகம் நிறையச் சிரிப்புமாக இருந்தார்.

"நீதான் தேவசகாயம் பொண்ணாம்மா? அருமையா எழுதியிருக்க. ஐயாவுக்கு வாசலே இல்லையேன்னு நம்ம ஆளுங்க பதறினாங்க. நான் சொன்னேன், மக்கள் இருக்காங்கப்பா, வாசல் எதுக்குன்னு. ஒருத்தரையும் நான் கேட்கல பாத்துக்க. ஒரு வார்த்தை கேட்கல."

அவரிடம் சொல்ல எஸ்தர் எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். கொலைகாரா என்பது அதில் முதல் வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தபோதுதான், தான் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தாள். எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதை அவர் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். துப்பட்டா நுனியால் துடைத்தும் இருந்தாள்.

"இருக்கட்டும்மா, இருக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டே கார்மேகம் அதில் சாய்ந்து உட்கார்ந்தார். திரை அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அழிக்க வேண்டிய வரிகள் அங்கே தேர்ந்தெடுத்தபடியே ஒளிர்ந்துகொண்டிருந்தன. அவர் எழுந்து போனால்தான் விசையைத் தொடமுடியும். அவர் தமது ரோஜாக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

எஸ்தர் கைகட்டி நின்று காத்திருந்தாள்.