வாப்பா கொண்டுவந்த ஹொரக் கன்று

நுஸ்ஹாவின் வாப்பா நிந்தவூரிலிருந்து தெனியாயப் பக்கம் கருவாடு ஏற்றும் லொறி ஓட்டினார். ஒருமுறை சட்டியில் ஹொர மரக் கன்று ஒன்றைக் கொண்டுவந்தார். மழைக்காட்டோரத்துத் தேநீர்க்கடைக்காரர் தான் வளர்த்த கன்றுகளில் ஒன்றைக் கொடுத்தாராம்.

“லொறி நிறையக் கருவாடு கொண்டு போய், ஒத்தத் தடியோடயா வந்தீங்க?” உம்மா சிரித்தாள்.

“தடியா? பள்ளி மினாராவுக்கு மேல இன்னொரு மினாரா வெச்சாலும் இதுட தாய் மரம் அதுக்கும் மேல நிக்கும். கீழ பகல்லயும் இருட்டு. எப்பவும் ஈரம்,” என்றார் வாப்பா.

அடுத்த பயணத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தது. வாப்பா உயிரோடு வரவில்லை. கடற்கரை மையவாடியில் அடக்கினார்கள்.

அதன்பின் நுஸ்ஹா அந்தக் கன்றோடுதான் அதிகம் கதைத்தாள். கச்சான் காற்று அனலாக வீசத் தொடங்கியதும் இலைகள் கருகின. நிழலில் வைத்தாள். ஈரச் சாக்கால் மூடினாள். அப்படியும் இரண்டு இலைகள்தான் மிஞ்சின. பக்கத்து வீட்டு ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வாப்பாவின் தம்பி ஜவுபரும் லொறி ஓட்டுபவர்தான். ஒரு நாள் அவர் வந்தார்.

“இத உன்ட வாப்பாட கபுறடியில நடுவம் மகள். பச்சையா ஒண்டு நிண்டா நல்லம்தானே.”

நுஸ்ஹாவுக்கும் அதுதான் ஆசை. ஆனால் கன்றைத் தூக்கியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மையவாடியில் வெறும் மணல், உப்புக்காற்று.

“வேணாம் சாச்சா. அங்க வெச்சா இதுவும் மௌத்தாயிடும்.”

உம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வேலியோர மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பட்டிப்பூச் செடிகள் பூத்துக் கிடந்தன. நுஸ்ஹா ஒன்றை வேரோடு கிண்டி எடுத்தாள்.

“வாப்பாக்கு இத நடுங்க. கன்ற அது வந்த எடத்துக்கே கொண்டு போங்க.”

சட்டியைக் கொடுத்தபோது ஓவென்று அழுதாள்.

அடுத்த வாரம் சாச்சா வெறும் சட்டியோடு திரும்பி வந்தார்.

“கடைக்காரர் பெரிய மரத்து நிழல்ல நட்டுட்டாரு. அங்க நல்ல மழ.”

“பொழைக்குமா?”

“தெரியாது மகள். பொழச்சாலும் முழுசா வளர நூறு வருசம் ஆகுமாம். நீயும் நானும் பார்க்க மாட்டம்.”

நுஸ்ஹா வெறும் சட்டியை வாங்கிக்கொண்டாள்.

“அப்ப, நாம யாரும் இல்லாத காலத்துலயும் வாப்பாட மரம் நிக்கும்.”

“ஓம்,” என்றார் சாச்சா.

சட்டியின் அடியில் காட்டு மண் கொஞ்சம் கறுப்பாக ஒட்டியிருந்தது. நுஸ்ஹா அதைச் சுரண்டிக் கடதாசியில் மடித்துக் கொடுத்தாள்.

“இத வாப்பாட பூச்செடிக்குப் போடுங்க.”