ஏழாம் படுக்கை அழைக்கிறது

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஆஸ்பத்திரியின் முன்கதவைப் பூட்டிவிடுவார்கள். பின்பக்கமாகச் சுற்றி, துணி துவைக்கும் அறையைத் தாண்டினால் ஒரு இரும்புக் கதவு வரும். வயர்க்காரர் அதைத் தட்டிவிட்டு நின்றார். தோளில் லேப்டாப் பை, கையில் சுருட்டிய கேபிள். எங்கே போனாலும் ஏதாவது ஒரு வயரோடு போகிறவர் என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் வயர்க்காரர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் மனைவி ஒருத்திதான். அவள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது.

வாட்ச்மேன் கதவைத் திறந்தார்.

"என்ன வயர்க்காரரே, ஞாயித்துக்கிழமையும் விட மாட்டேங்கறீங்க? வீட்ல திட்ட மாட்டாங்களா?"

"திட்ட ஆள் இருந்தா வீட்லயே இருந்திருப்பேனேய்யா."

வாட்ச்மேன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மாடி வார்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று நோயாளிகளையெல்லாம் கீழே வராந்தாவில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வராந்தாவில் அழைப்பு மணி கிடையாது. யாருக்காவது தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்ட வேண்டியதுதான். டக், டக் என்று ஏதாவது ஒரு மூலையிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. பெரிய சிஸ்டர் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலைல எல்லாரையும் மேல ஏத்தறோம். மணி அடிக்கணும். அது மட்டும்தான் எனக்குத் தெரியும். நீங்க உள்ள போய் என்ன வித்தை காட்டுவீங்களோ, காட்டுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து ஒரு பெரியவர் தட்டித் தட்டிப் பார்த்துட்டு அழுதுட்டாரு சார். நான் ஒருத்தி எத்தனை பக்கம்தான் ஓடுவேன்?" என்றார்.

மணிகளை நடத்திவந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தது. அதிலிருந்த சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். புதிய மெஷின்களில் அது ஓடவும் ஓடாது. வயர்க்காரர் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். புதிதாக வாங்கிய சர்வருக்குள் ஒரு வர்ச்சுவல் மெஷினை உண்டாக்குவது. அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் பாவனையாக இன்னொரு கம்ப்யூட்டர். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து அதில் போட்டுவிட்டால், உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர், இன்னும் பழைய பெட்டியில்தான் இருக்கிறோம் என்று நம்பி வேலை பார்க்கும்.

சர்வர் இருந்தது மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையில். ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தினால் பகலா இரவா என்று தெரியாது. சர்வருக்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது. உள்ளேயும் டெஸ்க்டாப் என்று எதையும் போடவில்லை. மூஞ்சியே இல்லாத ஒரு இரும்புப் பெட்டி. அதனோடு பேசவேண்டுமானால் லேப்டாப்பைக் கேபிளால் இணைத்து, கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத வேண்டும். அது ஒரு வரி பதில் சொல்லும். பல நாட்களில் அவர் யாரிடமாவது அதிகமாகப் பேசியது என்றால் அந்தக் கறுப்புத் திரையிடம்தான்.

உட்கார்ந்ததும் அக்கா போன் செய்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா."

"பொய் சொல்லாத. இங்க வந்து இருடான்னா கேக்க மாட்டேங்கற. அந்த வீட்ல ஒத்தையா என்னத்தைக் கட்டிக் காக்கற?"

"வேலை இருக்குக்கா. அப்புறம் பேசறேன்."

போனை வைத்த பிறகு சர்வர் விசிறிகளின் இரைச்சல் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது.

புது மெஷினுக்குக் கொஞ்சம் மெமரி ஒதுக்கினார். நகலெடுத்த டிஸ்க்கைக் காட்டினார். நெட்வொர்க்கை மட்டும் கொடுக்கவில்லை. முதல் தடவை எழுப்பும்போது எந்த மெஷினையும் வெளியுலகத்தோடு பேசவிடக்கூடாது என்பது அவர் பழக்கம். எழுப்பும் கட்டளையை அடித்தார். 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு வரி வந்தது.

உள்ளே என்ன தெரிகிறது என்று பார்க்க லேப்டாப்பில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தார். மங்கலான நீலத்தில் பழைய சாஃப்ட்வேர் வந்து நின்றது. படுக்கைகளின் வரிசை. எல்லாம் சாம்பல் நிறம்.

அப்புறம் ஒன்று மட்டும் சிவந்தது.

ஏழாம் படுக்கை. அழைப்பு.

அவர் சிரித்துக்கொண்டார். டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டு வந்த பழைய மிச்சம். அழிக்கப் பார்த்தார். 'படுக்கை அருகில் சென்று நிறுத்தவும்' என்றது. அதுவும் அவருக்குத் தெரிந்ததுதான். நர்சுகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மணியை அணைத்துவிடக்கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள். நோயாளியின் தலைமாட்டில் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கும். போய் அதை அழுத்தினால்தான் அழைப்பு முடியும்.

மெஷினை நிறுத்தி மறுபடி எழுப்பினார்.

ஏழாம் படுக்கை. அழைப்பு.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, டிஸ்க்கைத் திரும்ப முதலிலிருந்து நகலெடுத்து, வேறு மெஷினாகவே உண்டாக்கினார்.

ஏழாம் படுக்கை.

உள்ளேயிருந்த கடிகாரம் ஏதோ ஒரு பழைய நடுராத்திரியைக் காட்டியது. திருத்தினார். மூச்சு விடுவதற்குள் அதே ராத்திரிக்குத் திரும்பிப் போய் நின்றது.

அப்போதுதான் மணிச் சத்தம் காதில் விழுந்தது. மெல்லிசாக, தலையணைக்கு அடியிலிருந்து வருவது மாதிரி.

அந்த மெஷினுக்கு அவர் ஒலியே கொடுத்திருக்கவில்லை.

வராந்தாவில் பெரிய சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். வயர்க்காரர் முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, மெதுவாகக் கேட்டார்.

"சிஸ்டர், ஏழாம் படுக்கைல யாரு இருந்தாங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"மணி அடிக்குது."

"மாடில ஆளே இல்லையே சார்."

"மாடில இல்ல. மெஷினுக்குள்ள."

சிஸ்டர் அவரை மருந்து அறை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். "நான் இங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது. ஒரு அம்மா. பார்க்க வர நாதி கிடையாது. ஒரு ராத்திரி அந்த மெஷின் ஹேங் ஆகி அப்படியே தொங்கிப்போச்சு. பில் போடற இடத்துல திரை கெட்டுப்போச்சுன்னு, மெஷினோட திரையைக் கழட்டி அங்க மாட்டியிருக்காங்க. அதனால தொங்கினது ஒருத்தருக்கும் தெரியல. கீழ மணி வரல. காலைல போய்ப் பார்த்தா…" குரல் இன்னும் இறங்கியது. "பொத்தானை அழுத்தின கை அப்படியே இருந்துச்சாம் சார். விரலைப் பிரிக்கவே முடியலியாம்."

வயர்க்காரருக்கு ஒன்று இடித்தது. தொங்கிப்போன மெஷினுக்கு அந்த அழைப்பு வந்து சேர்ந்தே இருக்காதே. அப்படியானால் டிஸ்க்கில் அது எப்படி வந்தது?

"அழிச்சித் தொலைங்களேன்" என்றார் சிஸ்டர்.

"அழிய மாட்டேங்குது. படுக்கைகிட்ட போய்த்தான் நிறுத்தணும். முன்னாடி நிக்கற அழைப்பு முடியாம பின்னாடி வர்றது எதுவும் அடிக்காது."

"அப்ப நாளைக்கு?"

அவர் மாடிப்படியைப் பார்த்தார். டக், டக், டக். வராந்தாவின் கோடியில் யாரோ தட்டினார்கள். "இதோ வந்துட்டேன்" என்று சிஸ்டர் அங்கே ஓடினார்.

வயர்க்காரர் மாடிக்குத் துணையாக வாட்ச்மேனைக் கூப்பிட்டுப் பார்த்தார். "மாடிக்கா? எனக்கு முட்டி வலி சார். நேத்திலேர்ந்துதான்."

அறைக்குத் திரும்பி, மாடியில் அழுத்துகிற பொத்தான் உள்ளே எட்டுவதற்காக அந்த மெஷினுக்கு நெட்வொர்க்கைக் கொடுத்தார். ஒரே ஒரு வரி. என்டர் அடிக்கும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. உள்ளே இருப்பதற்கு வெளியே வர அவரே வழி திறந்துவிடுகிற மாதிரி இருந்தது.

மாடி வார்டு ஜன்னல்களில் பெயிண்ட் படாமல் இருக்கக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். பட்டப்பகல் அழுக்கு மஞ்சளாக உள்ளே கசிந்தது. பெயிண்ட் வாடை. அதற்கடியில் வேறொன்று. ஈரத் துணியும், ரொம்ப நாள் திறக்காத மருந்துப் பாட்டிலும் கலந்தது போல. கட்டில்களை ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள்.

ஒரு கட்டில் மட்டும் தன் இடத்தில் நின்றது.

அதற்கு மேலே சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

நடந்து போனார். காலடிச் சத்தம் அவருடையதுதானா என்று ஒருமுறை நின்று பார்த்தார். சத்தமும் நின்றது.

அழைப்புப் பொத்தான் வயரில் தொங்கி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை.

சுவரிலிருந்த பச்சைப் பொத்தானை அழுத்தினார். அப்போதும் விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினார். கட்டை விரல் வலிக்கிற வரைக்கும் அழுத்தினார்.

எரிந்தது.

திரும்பி ஓடிவிடலாம் என்று உடம்பு சொன்னது. அவர் போகவில்லை. அவருக்கு அவர் வீட்டு ஞாபகம் வந்தது. சாயங்காலம் போய்க் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் அந்த அமைதி. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது, கூப்பிடுவதற்கு வாயைத் திறந்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டது.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"வந்துட்டேன்மா" என்றார். "ரொம்ப நேரமாயிடுச்சு. கீழ யாருக்கும் கேக்கல."

மெத்தையின் மறுபக்கம் அமுங்கியது.

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டி வைத்தார்.

விறைத்துப்போன எதுவோ, விரல் விரலாக, மெதுவாகப் பிரிந்து, அவருடைய உள்ளங்கைக்குள் வந்தது. ஈரச் சுவர் மாதிரிக் குளிர்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் நிமிர்ந்தபோது விளக்கு அணைந்திருந்தது.

மறுநாள் எல்லோரையும் மாடிக்கு ஏற்றினார்கள். மணிகள் அத்தனையும் அடித்தன. பெரிய சிஸ்டர், "வயர்க்காரரே, நீங்க நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வாட்ச்மேனுக்கு முட்டி வலியும் சரியாகிவிட்டது. வயர்க்காரர் கேபிளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த மாதம் சிஸ்டர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். முகம் வெளிறியிருந்தது.

"மணி அடிக்குது சார். நாங்க படி ஏறறதுக்குள்ள நின்னுடுது."

"தப்பா அழுத்தியிருப்பாங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போய்க் கேட்டா, 'இப்பதானே ஒரு அம்மா வந்தாங்க'ங்கறாங்க. ஒருத்தர் இல்ல, எல்லாருமே. தண்ணி கேட்டாலும் குடுக்கறதில்லையாம். பக்கத்துல உக்காந்து கையை மட்டும் புடிச்சுக்கறாங்களாம்." சிஸ்டர் மாடிப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நேத்து ஒருத்தருக்கு மூச்சு முட்டிடுச்சு. மணி நின்னுடுச்சேன்னு யாரும் போகல. தரை துடைக்கிற அம்மா பார்த்ததால பொழைச்சாரு. அந்த மெஷினை நிறுத்திடுங்க சார். புதுசா வேற மணி வர்ற வரைக்கும் டம்ளராலயே தட்டட்டும்."

"அவங்க கெட்டது நெனச்சுப் பண்ணல சிஸ்டர்."

"அது எனக்கும் தெரியுது. ஆனா செத்தவங்களுக்கு மூச்சு முட்டறது புரியுமா?"

மத்தியானம் அவர் மாடிப்படிக்கு அடியிலிருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். லேப்டாப்பை இணைத்தார். நிறுத்தும் கட்டளையை எழுதி என்டர் அடித்தார்.

'ஓடிக்கொண்டிருக்கிறது.'

மறுபடி அடித்தார். அதே பதில்.

இனி ஒன்றுதான் வழி. அந்த மெஷினின் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் கட்டளை. அதை எழுதினார். ஆனால் என்டர் அடிப்பதற்கு முன், கடைசியாக ஒரு தடவை உள்ளே பார்த்துவிடலாம் என்று ஜன்னலைத் திறந்து பக்கத்தில் வைத்தார். படுக்கைகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் கிடந்தன. ஏழாம் படுக்கையும்தான்.

வரிசைக்குக் கீழே, இதுவரை இல்லாத ஒரு வரி முளைத்திருந்தது. சிவப்பாக.

சர்வர் அறை. அழைப்பு.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நாலு சுவர். ஒரு பெட்டி. ஒரு நாற்காலி. அந்த அறையில் பொத்தானே கிடையாது.

"நான் யாரையும் கூப்பிடல" என்றார்.

விசிறிகள் இரைந்தன.

"நான் கூப்பிடவே இல்ல." அது பொய் என்று அவர் காதுக்கே கேட்டது.

மேலே ஒரு ஆளுக்கு எப்போது வேண்டுமானாலும் மூச்சு முட்டலாம். அடித்துவிட வேண்டியதுதான். விரலை என்டருக்கு மேலே கொண்டுபோனார்.

சிவப்பு அணைந்தது. அதே வரி பச்சையாயிற்று.

சர்வர் அறை. ஆள் வந்தாயிற்று.

என்டருக்கு மேலே நின்ற அவர் விரலை, குளிர்ந்த ஏதோ ஒன்று பதமாக எடுத்து, தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டது.