வராந்தாவில் திரும்பாத பலகை

காலை ஏழே முக்கால். பல்கலைக்கழகத்தின் பழைய விரிவுரை மண்டபத்தைத் திறந்த தச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசி வரிசையில் மேசைப் பலகையைக் காணவில்லை. இரும்புக் கால்கள் மட்டும் மொட்டையாக நின்றன.

அடுத்த வாரம் கட்டடத்தை இடிக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் பெயர் செதுக்கிய பலகைகளை இன்று அறுத்து, விருந்தினர்களுக்கு நினைவுப் பரிசாக்க ஏற்பாடு. சாவி தச்சரிடம் இருந்ததால் பழியும் அவர் தலையில்தான் விழுந்தது.

எட்டரைக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார்.

"சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"சரித்திர வாத்தியார்கிட்ட மேடம். ரிட்டயர் ஆனவரு. இந்தக் கட்டடத்தோட கதையை எழுதுறாரு. சாயங்காலமானா இங்கதான், தனியா உக்காந்திருப்பாரு."

தகவல் கேட்டு வந்திருந்த வாத்தியார் முன்வரிசையில் வெறும் சட்டையோடு உடம்பைக் குறுக்கி உட்கார்ந்திருந்தார். கல் மண்டபம், குளிர் எலும்பு வரை போயிற்று.

"பலகை எங்க போயிருக்கும் சார்?"

"யாராவது வெளிய தூக்கிட்டுப் போயிருப்பாங்கம்மா."

இன்ஸ்பெக்டர் வாசலுக்குப் போனார். குறுகிய வராந்தா, உடனே ஒரு திருப்பம்; ஜன்னல்களிலோ கம்பி.

"இவ்வளவு நீளப் பலகை உள்ள எப்படி வந்துச்சு?"

"பலகையைப் போட்டுட்டுத்தான் பின்சுவரையே எழுப்பினாங்களாம். சார்தான் சொன்னாரு. அதான் இங்கயே வெச்சு அறுக்கப் போறோம்."

தரையில் ஒரு சிட்டிகை மரத்தூள் கூட இல்லை. அப்படியென்றால் அறுக்கவில்லை, வெளியே போகவும் இல்லை. இன்ஸ்பெக்டர் இருக்கை வரிசைகள் ஏறிப்போகும் மரப்படிகளைத் தட்டிப் பார்த்தார். அடியில் வெற்றிடம். மேல்படியின் பக்கவாட்டில் இருந்த சிறு கதவைத் திறந்தார்.

பலகை உள்ளேதான் படுத்திருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பளிச் சால்வை சுற்றியிருந்தது. அது யாருடையது என்று தச்சருக்குத் தெரியும்.

"பின்சுவர் கதையை ஊருக்கே சொன்னவரு நீங்க," என்றார் இன்ஸ்பெக்டர், வாத்தியாரிடம். "வெளிய தூக்கிட்டுப் போயிருப்பாங்கன்னு வேற யாரு சொன்னாலும் நம்பியிருப்பேன் சார்."

வாத்தியாரே சால்வையை விலக்கினார். ஒரு பெண்ணின் பெயர். பக்கத்தில் பாதி எழுத்து.

"என் பேரைத்தான் ஆரம்பிச்சா. அதுக்குள்ள மணி அடிச்சிருச்சு. அப்புறம் எங்க கல்யாணம், குடித்தனம்... இப்ப அவ இல்ல."

"கேட்டு வாங்கியிருக்கலாமே?"

"ஆபீஸ்ல கேட்டேன்மா. ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும்னுட்டாங்க. பின்சுவரை இடிச்சதும் அந்த வழியா எடுத்துக்கலாம்னு இருந்தேன்." தச்சரைப் பார்த்தார். "உன் தலையில விழும்னு நினைக்கலப்பா. மன்னிச்சிரு."

தச்சர் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தச்சர் பெயரைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, நிதானமாக அறுத்தெடுத்தார். பிறகு உளியை நீட்டினார்.

"மீதி எழுத்தையும் முடிச்சிடுங்க சார்."

வாத்தியார் அந்தப் பாதி எழுத்தைத் தடவினார்.

"வேணாம்ப்பா. அது அவ செதுக்க வேண்டியது."