வருகை நூறு விழுக்காடு

பேராக் மாநிலத் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்...

இன்று முதல் நம் பிள்ளைகள் யாரும் பள்ளிக்கு மட்டம் போட முடியாது.

'ஞானக்கண்' வந்துவிட்டது! பள்ளி வாசலில் பொருத்தப்படும் கேமரா. முகத்தைப் பார்க்கும். வருகையைப் பதியும். படிப்பில் ஆர்வம் எத்தனை விழுக்காடு என்று அளந்து, பெற்றோரின் கைப்பேசிக்குச் செய்தியும் அனுப்பும். இந்த மகத்தான கண்டுபிடிப்பைச் சமுதாயத்துக்கு அர்ப்பணிப்பவர் கல்விப் புரட்சியாளர், இளம் தொழில்முனைவர் மகேந்திரன்.

இளம் என்பது அழைப்பிதழில். வயது நாற்பத்தாறு.

விழா நாள் காலையில் அந்த மகேந்திரன், ஈப்போ நகரின் புந்தோங்கில் ஒரு மோட்டார் பட்டறைக்கு மேலே இருந்த தன் அலுவலகத்தில், தன் விருதுக் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பளபளப்புக்காக அல்ல.

காலடியில் கிறிஸ்டின் கிடந்தாள். கண் திறந்தபடி.

ஞானக்கண்ணை உண்மையில் செய்தவள் அவள்தான். மகேந்திரனுக்குத் தெரிந்த கணினி வித்தை ஒன்றே ஒன்று. மேடையில் அடுத்த படத்துக்குப் போகும் பொத்தானை அமுக்குவது.

சற்று முன்புதான் அவள் ஆரம்பித்தாள்.

"பாஸ், இன்னிக்கி மேடையில நான் உண்மைய சொல்லிரப் போறேன்."

"என்னா உண்மை?"

"கேமரா ஒருத்தர் மூஞ்சியையும் பாக்கல பாஸ். காவலுக்கு நிக்கிற ஜாகா கேட்ட தொறந்தா போதும், லிஸ்ட்ல உள்ள எல்லாரும் வந்துட்டதா எழுதுது. நீங்க சொல்லித்தானே அப்படி மாத்துனேன்?"

"தற்காலிகமா லா. தான் ஸ்ரீ பட்டம் வாங்குன முதலாளி காசு போட வாராரு. நூறு விழுக்காடு கேக்குறவர்கிட்ட அறுபத்தெட்ட காட்ட முடியுமா?"

"பாப்பா செத்துட்டா பாஸ்."

மகேந்திரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாப்பாவுக்கு ஏழு வயது. பத்து காஜா ஊருக்கு அப்பால், ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட பழைய தோட்டத்துப் பள்ளியில் படித்தவள். ஞானக்கண்ணை முதலில் மாட்டிப் பார்த்த பள்ளி அது; விழாவும் அங்கேதான். போன மாதம் ஒரு காலை, வரும் வழியில் ஈயம் தோண்டிய பழைய குட்டையில் விழுந்தாள். அன்று அவள் அம்மா குமுதாவின் கைப்பேசிக்கு வந்த செய்தி: 'உங்கள் பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தார். இன்றைய ஆர்வம் 94 விழுக்காடு.' குமுதா நிம்மதியாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பள்ளியும் தேடவில்லை. பெயர் கூப்பிடுவது பழமை என்று ஞானக்கண் வந்த அன்றே ஆசிரியர்கள் அதை நிறுத்தியிருந்தார்கள்.

சாயங்காலம் குட்டையில் புத்தகப்பை மிதந்தது.

"இன்னும் தெனமும் அவ அம்மாவுக்கு மெசேஜ் போகுது பாஸ். தலக்கணக்கு கொறையும்னு நீங்கதான் பேர எடுக்க விடல. இப்ப முழு வருகைப் பரிசுக்கு அவ பேருதான் வந்து நிக்குது."

"சரி சரி. அந்தப் பேர மட்டும் எடுத்துரு. கத முடிஞ்சிச்சி."

"எடுக்க மாட்டேன். எல்லாரும் பாக்கட்டும்."

அவள் திரும்பினாள்.

மேசைமேல் 'சிறந்த புத்தாக்கத் தொழில்முனைவர்' கோப்பை இருந்தது. அடிப்பாகம் பளிங்கு.

விருது வாங்கிய நாளிலிருந்து அந்தக் கோப்பை செய்த முதல் வேலை அதுதான்!

கிறிஸ்டினின் கைப்பேசி அடித்தது. திரையில் 'அம்மா'. மகேந்திரன் மரியாதை தெரிந்தவர். சத்தத்தை மட்டும் குறைத்தார்.

பிறகு அவள் கணினியை இழுத்தார். பாப்பாவின் பெயரை அவரே எடுத்துவிட்டால் ஆயிற்று. கணினி கைரேகை கேட்டது. கிறிஸ்டினின் விரலைப் பிடித்து அழுத்தினார். விரல் இன்னும் சூடாக இருந்தது.

'நன்றி. இப்போது கடவுச்சொல்லைத் தரவும்.'

அதைச் சொல்ல அவளால் முடியாது.

கீழே பட்டறையின் இரும்புக் கதவை யாரோ தூக்கும் சத்தம். மணி ஏழேகால்.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது... சோதனைக்காகச் சேர்த்த ஊழியர் பெயர்களோடு லிஸ்டில் அவர் பெயரும் இருக்கிறதே! ஏழரைக்கு ஜாகா சன்னாசி பள்ளி கேட்டைத் திறப்பார். அடுத்த நொடி மகேந்திரன் பத்து காஜாவில் இருப்பார். இங்கிருந்து அந்தத் தோட்டத்துக்கு முக்கால் மணி நேரப் பயணம். எந்தப் போலீஸ் வந்து என்ன செய்யும்?

தன் கண்டுபிடிப்பு முதல்முறையாக ஒருவருக்குப் பயன்படுகிறது என்று நினைத்தபோது அவருக்கே நெஞ்சு நெகிழ்ந்தது.

பின்படி வழியாகச் சந்துக்குள் இறங்கினார்.

பள்ளி மண்டபத்தில் கூட்டம். முன்வரிசையில் தான் ஸ்ரீ. மகேந்திரன் சட்டைக் காலரில் மைக் மாட்டிக்கொண்டு முழங்கினார்.

"கடைசிப் பிள்ளை கரை சேரும்வரை ஞானக்கண் தூங்காது!"

கைதட்டல். அதன் நடுவே ஒரு பெண் மேடைப் படியேறினாள். சாதாரண உடை. இடுப்பில் துப்பாக்கி.

"இன்ஸ்பெக்டர் பிரமிளா. ஈப்போவிலேர்ந்து வாரேன். ஒரு நிமிஷம் பேசலாமா சார்?"

"விழா முடியட்டுமே மேடம்."

"உங்க ஆபீஸ்ல கிறிஸ்டின் செத்துக் கெடக்குறாங்க. கீழ பட்டறைக்காரரு யுகேந்திரன்தான் போன் பண்ணாரு. ஏழேகாலுக்குப் பட்டறையத் தொறந்தப்ப ரிப்பேருக்கு வந்த மோட்டார் மேல சீலிங்லேர்ந்து சொட்டுச்சாம். ஆயில்னு நெனச்சித் தொடச்சிருக்காரு."

காலர் மைக் நல்ல மைக். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

மகேந்திரன் கண்ணை மூடி, மூன்று மூச்சு விட்டு, திறந்தார். கண்ணாடி முன் பழகியிருந்தார்.

"ஐயோ... என் தங்கச்சி மாதிரி மேடம் அவ."

"ஏழேகாலுக்கு எங்க இருந்தீங்க?"

"இங்க வந்துகிட்டு இருந்தேன். நான் சொல்றது எதுக்கு? மெஷினே சொல்லும்."

பொத்தானை அமுக்கினார். பெரிய திரையில் எழுத்துகள்.

'மகேந்திரன். காலை 7.30. வந்துள்ளார். ஆர்வம் 99 விழுக்காடு.'

"பரவால்லியே," என்றாள் பிரமிளா. "இது தப்பு பண்ணாதா சார்?"

தான் ஸ்ரீ முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"பண்ணவே பண்ணாது மேடம். மனுஷன் பொய் சொல்லுவான், ஞானக்கண் சொல்லாது. எழுதிக்குங்க."

"எழுதிட்டேன்."

திரை தானாக மாறியது. மேளச் சத்தம்! வண்ணத்தாள்கள் பொழிகிற படம்!

'முழு வருகைக்கான பரிசு... பாப்பா!'

தலைமையாசிரியர் தன் காலிலிருந்த சப்பாத்துகளை ஆராய்ந்தார்.

மூன்றாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். தொழிற்சாலைச் சீருடை. குமுதா. பரிசு பெறும் பிள்ளையின் பெற்றோர் தவறாமல் வரவும் என்று அவளுக்கும் செய்தி போயிருந்தது. மேடையேறி வந்து கைப்பேசியை அவரிடம் நீட்டினாள்.

"காலையிலயும் மெசேஜ் வந்துச்சி சார். வந்து சேந்துட்டாளாம்." குரல் உயரவில்லை. "எங்க சார் இருக்கா? கூப்பிடுங்க. கூட்டிட்டுப் போயிர்றேன்."

"அக்கா... அது வந்து... சின்னத் தொழில்நுட்பக் கோளாறு..."

"இப்பத்தான தப்பே பண்ணாதுன்னீங்க?" என்றாள் பிரமிளா. அவர் கையிலிருந்த பொத்தானை வாங்கி, பட்டியலுக்குத் திரும்பி, ஒரு வரி கீழே இறங்கினாள்.

'கிறிஸ்டின். காலை 7.30. வந்துள்ளார். ஆர்வம் 96 விழுக்காடு.'

"அந்த நேரத்துல நான் உங்க ஆபீஸ்ல அவங்க பக்கத்துல நின்னுகிட்டு இருந்தேன் சார். ஆர்வமா இருந்த மாதிரி தெரியல."

மகேந்திரன் பொத்தானைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

"மெஷின் நெசம்னா, செத்துப் போன ரெண்டு பேரு இப்ப இந்த மண்டபத்துல இருக்காங்க. பொய்ன்னா, ஏழரைக்கு நீங்க இங்க இல்ல. ரெண்டுல எது லா?"

மகேந்திரன் பிணத்தை நினைக்கவில்லை. தூக்குக் கயிற்றையும் நினைக்கவில்லை. தான் ஸ்ரீயைத்தான் பார்த்தார். தான் ஸ்ரீ காரோட்டிக்குக் கண் காட்டிவிட்டு எழுந்துகொண்டிருந்தார்.

"தான் ஸ்ரீ! ஒக்காருங்க! அடுத்த வெர்ஷன்ல செத்தவங்க பேர எடுத்துருவோம்... எல்லாத்தையும் சரி பண்ணிருவோம்!"

தான் ஸ்ரீ திரும்பிப் பார்க்கவில்லை.

விலங்கு மாட்டினாள் பிரமிளா. குமுதா இன்னும் கைப்பேசியை நீட்டியபடியே நின்றாள்.

"கவலப்படாதீங்க சார். ஜெயில்ல இருந்தாலும், ஸ்கூலுக்கு மட்டம் போட்டீங்கன்னு உங்கள ஒருத்தரும் சொல்ல முடியாது," என்றாள் பிரமிளா.

கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆளை வெள்ளிக்கிழமை புதைத்தார்கள்.

திங்கட்கிழமை ஏழரைக்கு, புல் வெட்டுவதற்காக ஜாகா சன்னாசி கேட்டைத் திறந்தார். குமுதாவின் கைப்பேசி சிணுங்கியது. மகேந்திரன் வந்திருந்தார். கிறிஸ்டின் வந்திருந்தாள். பாப்பா வந்திருந்தாள். வருகை நூறு விழுக்காடு.

அன்று பள்ளி விடுமுறை.