கரடியூர் டன்னலின் ஈரச் சுவர்

சுவரில் ஈ மொய்த்திருந்தது. கார்த்திகை மழையில், வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில், கரடியூர் மேட்டுக்கு இத்தனை ஈ எங்கிருந்து வந்தது என்று கோவிந்தராஜுக்கு விளங்கவில்லை. போன மாதம் பூசி முடித்த சுரங்கத்தின் வாயில் சிமெண்டு தெரியாத அளவுக்குக் கறுப்பாக அப்பிக்கிடந்தன. டிராலி உரசிக்கொண்டு போயும் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

அதைப் பார்த்து நிற்க நேரமில்லை. டிராலிப் பலகையில் மெத்தை விரித்துப் படுத்திருந்த அவன் மனைவி சரஸ்வதிக்குக் காலையிலேயே வலி கண்டுவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பொழுது சாய்வதற்குள் சேலம் போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று நர்ஸம்மா சொல்லிவிட்டாள். ரோடோ மழையில் சரிந்து, பஸ்ஸெல்லாம் அடிவாரத்திலேயே நின்றுவிட்டன. இருந்த ஒரே வழி, தனியார் கம்பெனி ஒன்று சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த, இன்னும் ரயில் ஓடாத மலை ரயில் பாதை. அதற்கு அவன்தான் சூப்பர்வைசர். 1979-இல் அந்த மலையில் அவனைவிட மிடுக்காக விசில் ஊதியவன் கிடையாது.

"ஏனுங்க, நாத்தம் கொடலப் புடுங்குதுங்க," என்றாள் சரஸ்வதி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"எலி செத்துக் கெடக்கும். கண்ண மூடிக்க. எறக்கந்தான், நிமிசத்துல தாண்டிரும்."

பின்னால் பிரேக்கைப் பிடித்திருந்தவர் மாதப்பன். கரடியூர்க்காரர், இந்தச் சுரங்கத்தைக் குடைந்த ஆட்களுக்கு மேஸ்திரி. எலி இல்லை என்று அவருக்கும் தெரியும், கோவிந்தராஜுக்கும் தெரியும்.

மலையைக் குடைந்து மறுபக்கம் வெளிச்சம் கண்ட அன்று, மலையாட்கள் எல்லைச் சாமிக்குக் கிடா வெட்டினார்கள். வெட்டிய இடத்திலேயே ஆக்கி, அங்கேயே உட்கார்ந்து, ஒரு துண்டு மீதம் வைக்காமல் தின்று தீர்க்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, மண்ணிலும் புதைக்கக் கூடாது. அது அவர்கள் வழக்கம். கோவிந்தராஜுக்கோ குழைத்த கலவை இறுகிவிடுமே என்ற கவலை. பாதிச் சாப்பாட்டில் விசிலை ஊதி எல்லாரையும் எழுப்பினான். மாதப்பன் கெஞ்சக் கெஞ்ச, அரைவேக்காட்டுக் கறி, தலை, தோல், குடல் அத்தனையையும் சுவருக்குப் பின்னால் இருந்த பொந்தில் கொட்டச் சொல்லி மேலே பூசிவிட்டான். பொந்தை அடைக்கக் கல் சுமக்கிற வேலை குறைந்தது என்று பெருமை வேறு. சரியான அவசரக்குடுக்கை.

உள்ளே போகப் போகக் குளிர் விட்டு, வெந்நீர் அண்டா வைத்த அறைக்குள் நுழைந்த மாதிரி வெக்கை அடித்தது. ஊசிப்போன கொழுப்பும் முடை நாற்றமும் கலந்து நாக்கிலேயே படிந்தன. கூரையிலிருந்து சொட்டியது தண்ணீராக இல்லை, கன்னத்தில் விழுந்து பிசுபிசுவென்று இறங்கியது. பாதி தூரத்தில் டிராலி நின்றது.

"பிரேக்க விடுய்யா!"

"விட்டுத்தானுங்க இருக்குது."

இறக்கத்தில், சக்கரம் தானாக நின்றிருந்தது. கோவிந்தராஜ் குதித்து இறங்கி, சுவரில் ஒரு கையை ஊன்றித் தள்ளினான். கை முழங்கை வரை உள்ளே போனது. பூச்சு பாலாடை போல உரிந்து வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தான். சாம்பல் நிறக் கறி. நடுநடுவே மயிர். ஆவி பறந்தது. சுவர் நெடுக அதுதான், கூரையிலும் அதுதான்.

"தின்னு முடிக்கோணுமுங்க, ஐயா," என்றார் மாதப்பன். "நாங்க அன்னிக்கே எங்க பங்கத் தின்னுட்டமுங்க. இது நீங்க வெச்ச மிச்சமுங்க."

அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். தோள் கொடுத்துத் தள்ளினான். இருவரும் சேர்ந்து தள்ளியும் வண்டி அசையவில்லை. சரஸ்வதி அலறிய அலறல் சுரங்கத்தின் இரண்டு பக்கமும் போய்த் திரும்பி வந்தது. செத்துவிடுவாளோ என்ற பயத்தில் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

ஒரு கை அள்ளினான். வாயில் போட்டான்.

வெதுவெதுப்பு. வழவழப்பு. பல்லிடுக்கில் மயிர். விழுங்கினான்.

டிராலி ஒரு சாண் நகர்ந்தது.

இன்னொரு கை. இன்னொரு சாண். எதுவோ நெளிந்து தொண்டையில் ஒட்டியது. குமட்டியது. வாந்தி வாய் வரைக்கும் வந்ததும் சக்கரம் கிறீச்சென்று பின்னுக்கு உருண்டது.

"துப்பிறாதீங்க!" மாதப்பன் கத்தினார்.

விழுங்கினான். அழுதுகொண்டே விழுங்கினான். அள்ளிய பள்ளம் அவன் கண்ணெதிரே நிரம்பியது. தூரத்தில் சுரங்க வாய், வெளிச்சமாக, பனிமூட்டமாக. வயிறு புடைத்து இடுப்பு வேட்டி இறுகியது. அள்ளினான். நகர்ந்தது. அள்ளினான்.

சரஸ்வதியின் அலறல் சட்டென்று நின்றது.

"சரசு?"

"பொறந்துருச்சுங்க." அவள் குரலில் தெம்பே இல்லை. "ஏனுங்க... அழுவ மாட்டேங்குதுங்க."

அவன் கையிலிருந்த டார்ச்சை மாதப்பன் பிடுங்கி மெத்தைப் பக்கம் அடித்தார். அடித்தவர் பின்வாங்கி, சுவரில் போய் முட்டிக்கொண்டார். சரஸ்வதியின் தொடைகளுக்கு நடுவே, கொடி அறுக்காத பிள்ளை கண்ணைத் திறந்து கிடந்தது. மூச்சு ஒழுங்காக வந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. உதட்டோரம் சாம்பல் நிறத்தில் மயிர் தொங்க, பல்லில்லாத வாயால் அது நிதானமாக மென்றுகொண்டிருந்தது.